வழிமொழிந்தவர்

மாங்குளம்
21.02.2025

அன்பின் றஸ்மியா மிஸ்ஸுக்கு,

தண்ணீரூற்றில் உங்கள் வீட்டுக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். காலையில் எழும்பிப் பார்த்தபோது பின்னறைக் கதவு திறந்து கிடந்தது. கட்டிலில் போர்வை மடித்து வைத்திருந்தது. இரண்டு வருடம் எங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்தீர்கள். கடைக்குப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் போவீர்கள். இன்று விடியற்காலைப் பஸ்ஸில் சொல்லாமலே போய்விட்டீர்கள். எனக்குக் கோபம் இல்லை மிஸ். ஏன் என்று தெரியும்.

அம்மாவும் அப்பாவும் படுத்த பிறகு குசினியில் இருந்து எழுதுகிறேன். அறைக்குள் அப்பா இருமினால் ரோச் லைற்றை அணைத்துவிடுகிறேன். போனை அப்பா வாங்கி வைத்துவிட்டார். "இனி அந்தக் கதை இந்த வீட்டில வேண்டாம். அவாவுக்கு எடுக்கவும் வேண்டாம்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இந்தக் கடிதத்தை என் வகுப்புச் சுதாஜினி தபாலில் போடுவாள். பதில் எழுதினால் பின்னால் இருக்கும் அவள் வீட்டு முகவரிக்கு எழுதுங்கள்.

அப்பாவைப் போல நிரந்தர விரிவுரையாளர்கள்தான் பல்கலைக்கழகப் பீடச் சபை அங்கத்தவர்கள், உங்களைப் போல ஒப்பந்தத்தில் இருக்கிறவர்களை விடமாட்டார்கள் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் நீங்கள் படிப்பிக்கும் நிலையத்தைப் பற்றி நேற்றுச் சபையில் நடந்தது உங்களுக்கு அரைகுறையாகத்தான் வந்திருக்கும். அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"தை மாசக் கூட்டத்தில கொக்கிளாய் நிலையத்தை மூடுறதெண்டு ஆரும் சொல்லேல்லை எண்டு நீங்கள்தானே வந்து சொன்னனீங்கள்?" என்று அம்மா கேட்டா.

"ஓம், சொல்லேல்லைத்தான். றஸ்மியான்ர அறிக்கை வரட்டும் எண்டுதான் விட்டது."

"பிறகெப்பிடிக் கூட்டக் குறிப்பில ஏகமனதா மூடுறதெண்டு வந்தது?"

"பீடாதிபதி அப்பிடி எழுதுவிச்சிருக்கிறார்."

"அதை ஆர் சரியெண்டது?"

அப்பா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "ஒராள் முன்மொழிஞ்சது. நான் வழிமொழிஞ்சன். எப்பவும் நான்தானே."

போன கூட்டத்தின் குறிப்பு சரி என்று ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்தால்தான் அடுத்த கூட்டம் தொடங்குமாம். பத்து வருடமாக அந்த இரண்டாவது கை அப்பாவுடையது. "செல்வநாயகம் சேர் வந்திட்டார், இனித் தொடங்கலாம்" என்று மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள் என்று அவரே சிரித்துச் சொல்லியிருக்கிறார். வழிமொழிந்துவிட்டால் குறிப்பில் இருப்பதுதான் நடந்தது.

அப்பா அதை வாசிக்காமல் கையை உயர்த்தியிருப்பார் மிஸ். அப்படித்தான் இருக்கும்.

கொக்கிளாயில் உங்களிடம் படிக்கும் அந்த இருபத்தாறு அக்காமாருக்கும் இன்னும் ஒரு தவணைதானே இருந்தது? அவர்களுக்கு டிப்ளோமா கிடைக்காதா?

பயத்தோடு,
மேனுகா


தண்ணீரூற்று
01.03.2025

அன்பின் மேனுகாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. குசினியில் ரோச் வெளிச்சத்தில் எழுதிக் கண்ணைக் கெடுக்க வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் போனதற்கு மன்னியுங்கள். உங்களை எழுப்பியிருந்தால் அப்பாவும் எழும்பியிருப்பார். உங்களுக்கு முன்னால் அவரிடம் ஏதாவது கதைத்துவிடுவேனோ என்று பயந்தேன்.

உம்மா சுகம். நாளைக்கு நோன்பு தொடங்கும் போல் இருக்கிறது. நேற்றோடு என் ஒப்பந்தம் முடிந்தது. நீடிக்க மாட்டார்கள். நிலையமே இல்லையென்றால் அதற்கு விரிவுரையாளர் எதற்கு?

புதன்கிழமை கொக்கிளாய்க்கு வான் வந்தது. நுணுக்குக்காட்டிகள், நீர்த் தொட்டிகள், உப்புத்தன்மை பார்க்கும் கருவி எல்லாவற்றையும் ஏற்றினார்கள். மாங்குளத்தில் புதிய ஆய்வுகூடத்துக்கு அவை வேண்டுமாம். பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி, களப்பில் தகப்பனோடு இறால் பிடிக்கப் போகிறவள், "மிஸ், எங்கட சோதினையையும் சேர்த்து ஏத்திப்போட்டினமோ?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். பீடச் சபை பரிந்துரைக்கத்தான் முடியும். முடிவெடுப்பது மூதவை. முழுப் பல்கலைக்கழகத்துக்கும் பொதுவான பெரிய சபை அது. ஏப்ரல் பத்தாம் திகதி கூடுகிறது. மூதவை எங்களை அழைத்துக் கேட்காது, குறிப்பைத்தான் பார்க்கும். பீடமே ஏகமனதாகச் சொன்னால் அவர்கள் ஏன் மறுக்கப் போகிறார்கள்? அன்றோடு டிப்ளோமா இல்லை.

அப்பா வாசிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு இருக்கிறேன். வாசித்திருந்தால் விட்டிருக்க மாட்டார். இந்த நிலையத்தைத் தொடங்க என்னோடு முதல் தடவை கொக்கிளாய்க்கு வந்தவரே அவர்தான். அந்த ஒரு நினைப்புத்தான் எனக்கு இப்போது ஆறுதல்.

நான் உங்களுக்குச் சொல்லித்தந்த நொதியங்கள் பாடம் பாதியில் நிற்கிறது. மிச்சத்தைப் புத்தகத்தைப் பார்த்துப் படியுங்கள்.

அன்புடன்,
றஸ்மியா


மாங்குளம்
06.03.2025

அன்பின் மிஸ்ஸுக்கு,

இதற்குள் ஒரு தாள் வைத்திருக்கிறேன். தயவுசெய்து கோபிக்க வேண்டாம்.

அப்பா கூட்டங்களுக்குப் போகும்போது நிகழ்ச்சி நிரலின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். எல்லாத் தாளையும் அலுமாரியில் பச்சைக் கோப்பில் போட்டு வைப்பார். நேற்று அம்மா கோயிலுக்குப் போன நேரம் திறந்து பார்த்தேன். தை மாதத் தாள் இருந்தது. ஏழாவது விடயத்துக்குப் பக்கத்தில், "கொக்கிளாய் - முடிவில்லை. றஸ்மியா அறிக்கை மார்ச். அதுவரை வகுப்பு நடக்கும்" என்று அப்பாவின் கையெழுத்தில் இருக்கிறது. திகதியும் இருக்கிறது.

இதை மூதவைக்குக் காட்டினால் போதும்தானே மிஸ்?

அலுமாரியைப் பூட்டும்போது திறப்பு கீழே விழுந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. ஆனால் அவருடைய பேராசிரியர் விண்ணப்பம் பீடாதிபதியின் மேசையில் இருக்கிறது. அம்மா அதற்காக நேர்த்தி வைத்திருக்கிறா. நான் செய்தது அவர்கள் இரண்டு பேருக்கும் எதிரானது என்று விளங்குகிறது. விளங்கித்தான் செய்தேன்.

மேனுகா


தண்ணீரூற்று
12.03.2025

அன்பின் மேனுகாவுக்கு,

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

பொய் சொல்ல மாட்டேன். மதியம் ளுஹர் தொழுதுவிட்டுக் கடிதத்தைப் பிரித்தேன். நோன்பு திறக்கும் வரை அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். முல்லைத்தீவுக்குப் போய் ஒரு போட்டோக் கொப்பி எடுத்தால் என்ன என்று சீலைகூட மாற்றினேன். தம்பி றிப்னாஸ் சைக்கிளைத் திருப்பி நிறுத்திவிட்டு, "போறதெண்டால் வாங்கோ ராத்தா, கடை பூட்டப் போறான்" என்று கூப்பிட்டான். நான் போகவில்லை.

இந்தத் தாளை நான் காட்டினால் மூதவை கேட்கும் முதல் கேள்வி இது அவர் வீட்டிலிருந்து எப்படி வந்தது என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் நீங்கள். பதினாறு வயதுப் பிள்ளையின் பெயரை அந்த மேசைக்குக் கொண்டுபோக என்னால் முடியாது. இருபத்தாறு பேருக்காகவும் முடியாது.

இனி இப்படி ஒன்றும் செய்ய வேண்டாம். தகப்பனுக்குத் தெரியாமல் தகப்பனின் கையெழுத்தை எடுத்துக் கொடுப்பதும், சபைக்குத் தெரியாமல் சபையின் பெயரில் எழுதுவதும் எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. கடுமையாக எழுதிவிட்டேன். உங்கள் மேல் அன்பில்லாமல் அல்ல.

றஸ்மியா


மாங்குளம்
21.03.2025

அன்பின் மிஸ்ஸுக்கு,

தாளைக் கோப்பில் வைத்தேன். ஆனால் அது கடித உறைக்குள் போவதற்காக நாலாய் மடித்த தாள். நான் அதை யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை அப்பா கோப்பை எடுத்தார். அந்தத் தாளை மேசையில் வைத்து மடிப்பை விரலால் நீவினார். கனநேரம் நீவினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஆருக்கு அனுப்பினனீ?"

"மிஸ்ஸுக்கு."

"அவா?"

"வேண்டாமெண்டு திருப்பி அனுப்பினவா."

"ஏன்?"

"என்ர பேர் வரும் எண்டு."

அப்பா ஏசவில்லை. கடிதங்களைக் காட்டச் சொன்னார். நீங்கள் எழுதிய இரண்டையும் கொடுத்தேன். வாசித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டு, "விமலேஸ்வரி, என்ர கண்ணாடி எங்க?" என்று கேட்டார். கண்ணாடி அவர் முகத்தில் இருந்தது. அம்மா அதை விரலால் காட்டிவிட்டுப் போய்விட்டா.

நேற்றுப் பீடச் சபைக் கூட்டம். அப்பா எழும்பி, தை மாதக் குறிப்புப் பிழை, திருத்த வேண்டும் என்று சொன்னாராம். "உறுதிப்படுத்தின குறிப்பைத் திருத்தேலாது சேர். அதுவும் நீங்களே வழிமொழிஞ்சது" என்று பீடாதிபதி சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம். அப்படியென்றால் புதிதாக ஒரு பிரேரணை கொண்டு வருகிறேன், தை மாதத்தில் இந்தச் சபை மூடச் சொல்லவில்லை என்று பதியுங்கள் என்றாராம். பீடாதிபதி சுற்றிப் பார்த்து, "ஆர் வழிமொழியிறியள்?" என்று கேட்டாராம்.

பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அப்பாவிடமே படித்து, அப்பாவின் சிபாரிசில் வேலைக்கு வந்த ஜனார்த்தனன் சேர் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். அவர் தன் பிஸ்கட்டைத் தேத்தண்ணிக்குள் தோய்த்துக்கொண்டு இருந்தாராம். அது கரைந்து உள்ளே விழுந்த பிறகும் கோப்பையையே பார்த்துக்கொண்டு இருந்தாராம்.

வழிமொழிய ஆளில்லாத பிரேரணை குறிப்பில் ஏறாது. குறிப்பு எழுதும் உதவிப் பதிவாளர் பேனையை மூடி வைத்துவிட்டார்.

"ஒரு கை எழும்பேல்லை" என்று அப்பா வந்து சொன்னார். இரவு சாப்பிடவில்லை. உங்களுக்கு எழுதினால், தான் மன்னிப்புக் கேட்டதாக எழுதச் சொன்னார். அதனால் இந்தக் கடிதத்தை ஒளிக்காமல்தான் எழுதுகிறேன். ஆனாலும் இரவில்தான் எழுத வருகிறது. பழகிவிட்டது.

மேனுகா


தண்ணீரூற்று
28.03.2025

அன்பின் மேனுகாவுக்கு,

அப்பா எழும்பி நின்று சொன்னார் என்பதை இரண்டு தரம் வாசித்தேன். அது லேசான காரியம் இல்லை. அந்தச் சிரிப்பை எனக்கும் தெரியும்.

ஆனால் அவருடைய மன்னிப்பை நீங்கள் எழுத வேண்டாம். சபையில் அவர் சொன்னதை ஒருவரும் எழுதவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதையும் மகளை விட்டு எழுதுவிக்கிறார். அவர் கையால் எழுதி, பெயர் போட்டு, கையெழுத்து வைத்தது ஒன்றும் இதுவரை இல்லை. அவர் பெயர் இருப்பது உறுதிப்படுத்திய அந்தக் குறிப்பில் மட்டும்தான்.

மூதவை அங்கத்தவர்களுக்குப் பதிவாளர் மூலம் ஒரு பீட அங்கத்தவர் கடிதம் எழுதலாம். கூட்டத்துக்கு முன் வந்தால் அதைக் கோப்பில் சேர்த்தே ஆக வேண்டும். அதற்கு வழிமொழிய ஆள் தேவையில்லை. இது அவருக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவர் எழுதும் வரை நான் உங்களுக்கு எழுத மாட்டேன். பெரியவர்கள் இரண்டு பேருக்கு நடுவில் உங்களைத் தபால்காரராக வைத்திருப்பது சரியில்லை. திங்கள் பெருநாளாக இருக்கும். இந்த முறை உங்களுக்கு வட்டிலப்பம் அனுப்ப வழியில்லை.

படியுங்கள்.

றஸ்மியா


மாங்குளம்
05.04.2025

அன்பின் மிஸ்ஸுக்கு,

நீங்கள் பதில் எழுத மாட்டீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். இது பகல் நேரம். முன்னறை மேசையில் இருந்து எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். மூன்று நாள் போனது. நேற்றுப் பின்னேரம் இதே மேசையில் இருந்து எழுதத் தொடங்கினார். இரண்டு தாளைக் கிழித்தார். மூன்றாவதை என்னிடம் தந்து, "பிழை இருக்கோ எண்டு பார்" என்றார்.

எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார். தை மாதம் ஒரு முடிவும் எடுக்கவில்லை, வகுப்பு நடக்கட்டும் என்றே விட்டது என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, "வரைவுக் குறிப்பை வாசிக்காமல், கவனக்குறைவாக வழிமொழிந்துவிட்டேன்" என்று இருந்தது.

பிழை இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னாலும் கொக்கிளாய்க்கு அந்தக் கடிதம் போதும். அம்மாவும் கதவடியில் நின்று, சொல்லு என்பது போலப் பார்த்தா.

"அப்பா, நீங்கள் வாசிச்சனீங்கள்."

"ஆர் சொன்னது?"

"மாசி மாசக் கூட்டத்துக்கு முதல்நாள் என்ர அழிறப்பரைக் கேட்டனீங்கள். கொண்டுவந்து தந்தனான். குறிப்பில 'ஏகமனதாக' எண்ட சொல்லுக்குக் கீழ பென்சிலால கோடு போட்டிருந்தனீங்கள். அதைத்தான் அழிச்சனீங்கள்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "அதை எழுதினா என்ர விண்ணப்பம் அவ்வளவுதான் பிள்ளை" என்றார். அம்மா உள்ளே போய்விட்டா. குசினியில் பாத்திரச் சத்தம் கேட்டது. அப்பா பேனையைத் திறந்தார், மூடினார். பிறகு, ஏதோ பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி, "அப்ப அதை எப்பிடி எழுதுறது?" என்று என்னிடம் கேட்டார்.

நடந்ததை எழுதச் சொன்னேன். நாலாவது தாளில், "ஏகமனதாக என்பது உண்மையல்ல என்று அறிந்தே வழிமொழிந்தேன்" என்று எழுதினார். கையெழுத்து வைத்தார். இன்று காலை அவரே தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டார். உங்களுக்கு ஒரு பிரதியும் அவர் தனியாக எழுதிய கடிதமும் இதற்குள் இருக்கின்றன. அவர் கடிதத்தை நான் வாசிக்கவில்லை. பத்தாம் திகதி மூதவை என்ன சொல்லும் என்று தெரியாது.

மிஸ், என் முதல் கடிதத்தில், அப்பா வாசிக்காமல் கையை உயர்த்தியிருப்பார் என்று எழுதினேன். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். நீங்கள் அதை நம்பி ஆறுதலாக இருக்கிறேன் என்று எழுதிய பிறகும் சொல்லாமல் இருந்தேன். இனி அந்த ஆறுதல் உங்களுக்கு இல்லை. எங்கள் இரண்டு பேரிலும் நீங்கள் கோபிக்கலாம்.

உறையின் பின்னால் இருப்பது எங்கள் வீட்டு முகவரி.

மேனுகா செல்வநாயகம்