கறுப்புக் கதவில் உன் முகம்

மகளின் கல்யாண ஆல்பத்தை நேற்று அலுமாரியிலிருந்து இறக்கினேன். அது வந்த புதிதில் நீ அதன் அட்டையைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பிளாஸ்ரிக், மச்சான். தோல் எண்டு சொல்லித் தந்திருக்கிறாங்கள்" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. நேற்று நானும் தேய்த்துப் பார்த்தேன். பிளாஸ்ரிக்தான்.

ஆல்பத்தை இறக்கக் காரணம் உன் மனைவி. ஒஸ்லோவின் குரோருட்டிலிருந்து தொலைபேசியில் கதைத்தார். உன் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சிட வேண்டும். அட்டையில் போட ஒரு படம் இல்லை. "அண்ணை, உங்கடை மகளின்ரை கலியாணத்திலைதான் அவர் கோட் போட்டவர். ஒரு நல்ல படம் பாத்துத் தாங்கோ."

அடையாள அட்டையில் நீ பொலிஸ் தேடும் ஆளைப் போல இருக்கிறாய். உன் கைபேசியில் இருப்பவை முழுவதும் நீ துடைத்த கார்கள். அவற்றையும், பளபளப்பில் உன் உருவம் விழுந்துவிடாதபடி ஒரு பக்கமாகச் சரிந்து நின்று எடுத்திருக்கிறாய். தொழில் சுத்தம். நெஞ்சு வலித்து விழுந்த அன்றுகூட, பக்கத்தில் நின்ற காரில் படாமல்தான் விழுந்தாயாம். செத்தவீட்டில் உன் முதலாளி இதை மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

ஒஸ்லோவில் பணம் இருப்பதைக் காட்டிக்கொள்வது அவ்வளவு நாகரிகம் இல்லை. அதனால் அந்த விலையுயர்ந்த இங்கிலாந்துக் கார்கள் நீ வேலை செய்த நிலக்கீழ் கராஜில், பனி உருக வீதியில் கொட்டும் உப்புப் படாமல், குளிர்காலம் முழுவதும் போர்வைக்குள் உறங்கும். அந்த உப்பில் நடந்துதான் நீ அவற்றைத் துடைக்கப் போனாய். வேலை முடிந்து லோறென்ஸ்கூக் வீட்டுக்குத் திரும்பும் வழியில் நானும் அங்கே வந்து குந்துவேன். "கோப்பியை அங்கால வை. காருக்குக் கிட்ட வராதை" என்பதுதான் உன் வரவேற்பு.

"அப்பிடி என்னடா இதிலை இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

சில்லின் நடுவிலிருந்த சின்னத்தைக் காட்டினாய். சில்லு எவ்வளவு சுற்றினாலும் அது நிமிர்ந்தே நிற்குமாம். "எங்கடை சங்கத் தலைவரும் உப்பிடித்தான்" என்றாய். பிறகு கதவுக்குள் செருகியிருந்த குடை. பிறகு சீற். அதற்குத் தோல் கொடுக்கும் மாடுகளை முள்ளுக்கம்பி இல்லாத இடத்தில்தான் வளர்ப்பார்களாம். கீறல் விழுந்த தோலை எடுக்கமாட்டார்களாம். சொல்லிவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினாய். ஊரில் முகாமின் முள்ளுக்கம்பி வேலியைத் தாண்டியபோது கிழிந்த தழும்பு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை.

"என்ரை தோலிலை ஒரு சீற்றும் தைக்கேலாது, மச்சான். முதல் செக்கிங்கிலையே கழிச்சுப் போடுவாங்கள்."

இருவரும் சிரித்தோம். மாடுகளில் அவ்வளவு அக்கறை காட்டும் உலகத்தைப் பார்த்து வேறென்ன செய்வது?

ஆனால் உன் பெருமையெல்லாம் அந்தக் கறுப்பில்தான் இருந்தது. படை படையாகப் பூசி, கையால் தேய்த்துத் தேய்த்து எடுத்த கறுப்பு. "மற்றக் காரிலை முகம் மட்டும்தான் தெரியும். இதிலை அந்த முகம் என்ன யோசிக்குது எண்டும் தெரியும்."

வாடகைக்கு எடுத்த ஆடம்பரக் காரில் மணமக்களை இறக்கும் நம்மவர்களைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். 'அகதியாய் வந்து இறங்கியதைத் தவிர மற்ற எல்லா இறங்கல்களையும் படம் பிடித்து வைத்திருக்கும் சமூகம்' என்று அதில் ஒரு வரி. எனக்கே மிகவும் பிடித்த வரி. சில வருடங்கள் கழித்து, "பொம்பிளை என்ன காரிலை வாறா?" என்று சம்பந்தி கேட்டார். நான் நேரே உன்னிடம் வந்தேன்.

"கட்டுரை எழுதினது நீதானே?"

"ஓம்."

"சரி. கறுப்போ வெள்ளையோ?"

முதலாளியிடம் கேட்டு வாங்கித் தந்தாய். ஒரே நிபந்தனை, நீதான் ஓட்ட வேண்டும். விருந்தாளியாக அழைத்தவனைச் சாரதியாக்கினேன். அதற்கென்று நீ ஒரு கோட் வாங்கினாய்.

கல்யாணத்தன்று மோர்டென்ஸ்ருட்டில், மண்டப வாசலில் மழை. கதவுக்குள்ளிருந்த குடையை எடுத்து மகளுக்குப் பிடித்தாய். நீ முழுக்க நனைந்தாய். மழை விட்டதும் படப்பிடிப்பாளர் எல்லோரையும் காரருகே கூப்பிட்டார். "பொறுங்கோ, பொறுங்கோ" என்று துணியோடு ஓடிவந்து, கதவில் ஒரு துளி இல்லாமல் துடைத்தாய். துடைத்துவிட்டு, கைப்பிடியில் கைவைத்து, எங்களோடு நின்றாய். படத்துக்கு நிற்க வேண்டும் என்று நீ நினைத்ததை அன்று ஒருமுறைதான் பார்த்தேன்.

சம்பந்தி என்னைப் பார்த்தார்.

"மச்சான், கொஞ்சம் தள்ளி நில்" என்றேன். நீ தள்ளினாய். "இன்னும் கொஞ்சம்." நானே கையால் ஒதுக்கிக் கொண்டுபோய்க் கமராவுக்குப் பின்னால் விட்டேன். பிறகு அந்தப் பின்னேரம் முழுவதும் அந்தக் காரோடு நின்று படம் எடுக்காதவர் யாருமில்லை. என் கட்டுரையைப் பாராட்டியவர்களும் வரிசையில் நின்றார்கள்.

நேற்று ஆல்பத்தில் கடைசிப் பக்கம் வரை நீ இல்லை. கணினியில் இருந்த எல்லாப் படங்களையும் திறந்தேன். மகளும் மருமகனும் காரோடு நிற்கும் ஒரு படத்தைப் பெருப்பித்தபோது, அவர்களுக்கு நடுவே, கறுப்புக் கதவில் நீ நின்றாய். நனைந்த தலை, புதுக் கோட், கையில் துணி. நீ சொன்னது உண்மை, மச்சான். என்ன யோசிக்கிறாய் என்பதும் தெரிந்தது.

இடம் வலம் மாற்றி, வெட்டி எடுக்க உட்கார்ந்தேன். கதவில் நானும் இருந்தேன். உன் தோளில் என் விரல்கள், இன்னும் பின்னால் தள்ளியபடி. அவற்றை வெட்டினால் உன் தோள் போகிறது. ஒரு மணித்தியாலம் முயன்றுவிட்டு அப்படியே அனுப்பினேன்.

இன்று காலை உன் மனைவி மறுபடியும் தொலைபேசி எடுத்தார். "இவ்வளவு வடிவான படம் எங்கை அண்ணை கிடந்தது? தோளிலை போட்டிருக்கிறது உங்கடை கைதானே?"

"ஓம்" என்றேன்.

"அப்ப அதை வெட்டவேண்டாம் எண்டு பிரஸ்ஸிலை சொல்லுறன். அவருக்கு உங்களை விட்டா இஞ்சை ஆர்."

மலர் அச்சுக்குப் போய்விட்டது. அட்டையில் நீயும் என் நான்கு விரல்களும். பார்க்கிறவர்கள் சிநேகிதம் என்பார்கள். அது தள்ளிய கை என்று இரண்டு பேருக்குத் தெரியும். இப்போது ஒருவருக்கு.