ஆற்று வரிசையில் உன் இடம்

என் ஆசை அண்ணாத்தே,

கோட்டைக்குப் போகிற வழியில், மந்திரி காருக்குள்ளேயே உன் மூச்சு நின்ற பிறகு வருகிற முதல் மாசி இது. எண்ணூர் ஆற்றில் தண்ணீர் வற்றும் வேளையில் நாங்கள் இன்னும் வரிசையாகத்தான் இறங்குகிறோம். மண்டியிட்டு, சேற்றைத் தடவி, வெறுங்கையால் இறால் பிடிக்கிறோம். உன் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. செத்தவர் இடத்தில் அவர் ரத்தம்தான் வந்து நிற்க வேண்டும், அதுவரை வரிசையை மூடக்கூடாது என்பார்கள் நம் இருளர்கள். நிற்க வேண்டியவள் நான், நிற்கவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியாதா? அந்த இடத்திலிருந்து நீ முனகுகிறாய்.

பிடித்த இறாலைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு பேச முடியாது. ஒருவரை ஒருவர் தொண்டைக்குள் ‘ம்ம்’ என்றுதான் கூப்பிடுவோம். உன்னுடையது கடைசியில் கொஞ்சம் மேலே ஏறும். நல்ல வெயிலில், பட்டப்பகலில், அது என் இடப்பக்கம் கேட்கிறது. ஆளில்லாத இடத்தில் சேறு கலங்குகிறது, இறால்கள் அங்கிருந்து என் கைக்கு ஓடிவருகின்றன. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதைக் கேட்கத்தான் தினமும் இறங்குகிறேன்.

கன்னியம்மா அத்தைக்கும் கேட்டிருக்கிறது. “பதிலு குடுக்காத தேசம்மா. நீ அங்க போய் நின்னாதான் அவன் போவான்” என்றாள்.

“அவன் இன்னாத்துக்குப் போவணும்?” என்றேன். அவள் பறியைக் கடித்துக்கொண்டு மறுபடி சேற்றில் கையை விட்டாள்.

இந்த ஆற்றிலிருந்து கோட்டைக்குப் போன முதல் ஆள் நீ. காசிமேட்டு மீன்காரப் பெண்களும் சாத்தாங்காட்டு இரும்புக்கடை ஆட்களும் ஓட்டுப் போட்டு, பொதுத் தொகுதியில் ஜெயித்தாய். மந்திரியானாய். நம் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கித் தந்தாய். ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் விழுவதைப் பற்றி மட்டும் சபையில் வாய் திறக்கவில்லை. சண்டை போட்டேனே, ஞாபகம் இருக்கா? “வாய்ல பறி கீதும்மா. கட்சி குட்த்த பறி. துப்புனா அல்லாம் பூடும்” என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் கட்சிக்காரர் வந்தார். இடைத்தேர்தலில் நான் நிற்க வேண்டுமாம். ஆற்று முகத்துவாரத்தை மூடிச் சரக்குத் தளம் கட்டப்போகிறார்களாம், அதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வருகிறதாம். “நீ அங்க ஒண்ணும் பேச வேணாம்மா. அண்ணன் மாரி கம்முனு குந்திகினு இரு, சீட்டு உனக்குத்தான்” என்றார்.

அப்போது என் தொண்டையிலிருந்து ‘ம்ம்’ என்று ஒன்று எழுந்தது. நான் எழுப்பவில்லை. கடைசியில் மேலே ஏறியது. கட்சிக்காரர் டீயைக் கீழே வைத்தார். “அண்ணன் கொரலு மாரியே கீதேம்மா” என்று சொல்லிவிட்டு, செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் போனார்.

என் வாயிலும் பறி வைக்கப் பார்க்கிறார்கள். நீ அதற்காகத்தான் இன்னும் போகாமல் இருக்கிறாயா?

இன்று காலை உன் இடத்தில் மண்டியிட்டேன். அந்த இடத்துச் சேறு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ அப்போதுதான் எழுந்து போன மாதிரி. பறியைக் கடிக்காமல் இடுப்பில் கட்டிக்கொண்டேன். “நீ போ அண்ணாத்தே. நான் பேசிக்கிறேன்” என்று வாய்விட்டுச் சொன்னேன். முனகல் நின்றுவிட்டது. அழுதுகொண்டேதான் இறால் பிடித்தேன்.

கூட்டத்துக்குப் போவேன். ஆற்றை மூடக்கூடாது என்று எல்லார் முன்னாலும் சொல்வேன், சீட்டு போனால் போகட்டும். பேசும்போது கடைசிச் சொல் கொஞ்சம் மேலே ஏறினால், திரும்பிப் பார்க்க மாட்டேன்.

பறியை இடுப்பில் கட்டிய உன் தங்கச்சி,
தேசம்மா