கவர் மாறி வந்த பென்சில் வட்டம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகம் என்று சொல்கிறாய், அதைத்தான் நான் இன்னும் முழுசாக நம்பவில்லை, ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

போன வாரம் உன் கையெழுத்தில் ஒரு கவர் வந்தது. போனில் மட்டுமே பேசுகிற பெண்ணிடமிருந்து தபாலா என்று அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். பிரித்தால் ஒரு எழுத்துகூட இல்லை, மை ஒற்றும் தாள் மாதிரி ஒரு துண்டு, நடுவில் பென்சிலால் ஒரு வட்டம், அவ்வளவுதான். "என்னங்க, வெளிப்படையா எழுத முடியாம எலுமிச்சஞ்சாறுல எழுதியிருக்கா, சூடு காட்டினா தெரியும்" என்றாள் அம்மா. ஒன்பதாம் வகுப்போடு அறிவியலுக்குக் கும்பிடு போட்டவன் நான், உடனே இஸ்திரிப் பெட்டியை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டேன். ஒன்றும் தெரியாமல் போகவே உனக்குப் போன் போட்டோம். அலறிவிட்டு அப்புறம் நீ விளக்கினாய். வட்டத்துக்குள் காய்ந்திருப்பது பிளாஸ்மிட் என்கிற டி.என்.ஏ. வளையம், அதில் மின்மினிப் பூச்சியின் ஜீன் இருக்கிறது, வேறொரு ஆய்வுக்கூடத்துக்குப் போகவேண்டியது, ஒரு சொட்டு விட்டு இடம் தெரிய வட்டம் போட்டு இப்படித்தான் தபாலில் அனுப்புவோம், கவர் மாறிப்போச்சு என்றாய். உடம்பில் இருக்கிற செல்லுக்குள் ஒரு சேதி வந்து சேர்ந்ததா என்று வெளியே தெரியாதாம், இந்த ஜீனை உள்ளே வைத்துவிட்டால், சேதி வந்திருந்தால் மருந்து விட்டதும் மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடுமாம். எனக்கு நன்றாகவே புரிந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் நானே கண்டுபிடித்த மாதிரி சொல்லியும் விட்டேன்.

ஆனால் பாப்பா, கவர் மாறியதென்றால் எங்களுக்கு எழுதிய கடிதம் அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கிறது. அதில் என்ன என்று கேட்டதற்கு "சும்மாதாம்பா, நலம் விசாரிச்சு" என்றாய். வாரம் இரண்டு தடவை போனில் விசாரிக்கிற நலத்துக்குத் தபால்தலை எதற்கு? மறுநாள் அதைத் திருப்பி வாங்கி அனுப்பச் சொன்னால், கிழித்துப் போடச் சொல்லிவிட்டேன் என்கிறாய். நலம் விசாரித்ததை யாராவது கிழிப்பார்களா? உப்பு டப்பாவுக்கும் தேதி போட்டுப் பேர் ஒட்டுகிறவள் நீ, உன் கை கவரை மாற்றியது என்றால் அன்றைக்கு மனசு அந்த மேசையில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா, வேலையில் தகராறா, யாரையாவது பிடித்துப்போய்ச் சொல்லப் பயமா என்று அம்மா மூன்று விரலை மடக்கிவிட்டாள். நான் நான்காவதையும் மடக்கினேன். ஆராய்ச்சி சரியாக வராமல், திரும்பி வந்தால் அப்பா என்ன நினைப்பாரோ என்று யோசிக்கிறாயா? ஒரே வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தவன் வீடு இது, இங்கே அதற்கெல்லாம் நாற்காலி எப்போதும் காலிதான்.

உன் தாளை அட்டைக்கு நடுவில் மடிக்காமல் வைத்து அனுப்புகிறேன். மினுங்காவிட்டால் இஸ்திரி போட்டது எங்கப்பன்தான் என்று உன் மேலதிகாரியிடம் சொல்லிவிடு, பழி என் மேல் இருக்கட்டும். கூடவே ஒரு வெள்ளைத் தாளும் இருக்கிறது, அதிலும் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். போனில் சொல்ல வராததை அந்த வட்டத்துக்குள் ஒரே வரி எழுதி அனுப்பு. எதுவாக இருந்தாலும் சரி.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் விழிக்காதே, நன்றாக இரு தாயி. கவரை ஒட்டுமுன் விலாசத்தை இரண்டு தடவை பார்.

இஸ்திரிப் பெட்டியைத் தொடாமல் தபாலுக்குக் காத்திருக்கும்,
அப்பா