ஜியாமெட்ரி பெட்டியில் இருக்கும் மாத்திரைகள்

நைனா,

ஜியாமெட்ரி பெட்டியில் காம்பஸுக்கு அடியில் உன் மாத்திரை அட்டைகள் இருக்கின்றன. அம்மா எழுந்துவிடக் கூடாதே என்று போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். மிச்சமானதை ஆஸ்பத்திரியில் திருப்பித் தரச் சொல்லியிருந்தார்கள். நாளை அந்தச் சின்ன டாக்டரிடம் போக வேண்டும்.

அவர் டாக்டராகிச் சில மாதங்கள்தான். உன் புற்றுநோய்க்கு இனி வைத்தியம் இல்லை என்று சொல்ல வந்தவர், கட்டிலருகே உன் ரிப்போர்ட்டையே புரட்டிக்கொண்டிருந்தார். நீதான் ஆரம்பித்தாய். "சொல்லு டாக்டரம்மா. ஹார்பர்ல கரி எறக்குனவன் நானு. இதுக்கா பயப்படப் போறேன்?" அவர் கண் கலங்கிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர், "இன்னாபா, நீ அவங்களுக்கு வைத்தியம் பாக்குறியா?" என்றார். நீ இருமிக்கொண்டே சிரித்தாய்.

அம்மா இறால் உரிக்கப் போயிருந்ததால் டாக்டர் என்னிடம்தான் வலி மாத்திரைகளைக் கொடுத்தார். "நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு. வலி வர்றதுக்கு முன்னாடியே குடுத்துடணும்மா. நானே இப்பதான் கத்துக்கிட்டேன்."

அந்த வாரம்தான் பள்ளியில் போதை ஒழிப்பு உறுதிமொழி. மைக்கில் வாசித்தவள் நான். வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்ட பையன்களை நம் தெருவிலிருந்து போலீஸ் இழுத்துப் போனதை நீயும் பார்த்தாய். மாமா அட்டையைப் பார்த்ததும், "இதுவும் அந்தக் கலீஜுதான். துன்னா தூங்கினே பூடுவாரு. போலீஸ் வந்தா நீதான் மாட்டுவ" என்றார்.

முதலில் நாளுக்கு ஒன்று கொடுத்தேன். பிறகு அதையும் நிறுத்தினேன். ஒரு மதியம் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாய். "மாத்திரை எதுனா இருக்குதா பாப்பா?"

"தீந்துடுச்சு நைனா."

"சரி வுடு. நீ போய்ப் படி."

அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தாய். ஒரு முறைகூடக் கேட்கவில்லை. பெட்டி உன் காலடியில், என் புத்தகப் பையில் இருந்தது.

நிம்மதியாப் போயிட்டாரு என்று மாமா வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். தலையணை உறையைத் துவைத்தவள் நான். பல் பட்டுக் கிழிந்த இடத்தைத் தைத்து வைத்திருக்கிறேன்.

அட்டைகளைக் கால்வாயில் போட்டுவிடு என்கிறார் மாமா. போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த டாக்டர் நாளைக்கும் இன்னொரு பிள்ளையின் கையில் மாத்திரையைக் கொடுத்து, நேரத்தை மட்டும் சொல்லி அனுப்புவார். வீட்டில் யாருக்கு என்ன பயம் என்று கேட்க அவருக்கு இன்னும் தெரியாது. அதை நான்தான் சொல்லியாக வேண்டும்.

அட்டைகளை அவர் வாங்கிக்கொள்வார். 'தீந்துடுச்சு' என்று சொன்ன குரலை என்னிடமிருந்து யாரும் வாங்கிக்கொள்ளப் போவதில்லை, நைனா.