பாம்பனுக்கு ஆறு இலை

மாப்ள, உன் போன் இன்றைக்குக் காலையிலும் அடித்தது. வேன் டேஷ்போர்டில் நீ வைத்த இடத்திலேயே கிடக்கிறது. சார்ஜ் போடுவதை மட்டும் நான் நிறுத்தவில்லை, ஏன் என்று கேட்காதே. சனிக்கிழமை காலை என்றால் பாம்பன் தீவில் சோறும் மீன்குழம்பும் ஆக்கிப் போடும் செலின்தான். "நாளைக்கு எத்தனை இலைண்ணே?" என்று கேட்கக் கூப்பிடுகிறாள். நீ போய்ச் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது, அவளுக்குத் தெரியாது. வண்டி ரிப்பேருக்கு விட்டிருக்கு என்று உன் போனிலிருந்தே மெசேஜ் போட்டு வைத்தேன். அம்புட்டுத்தான் என் வீரம்.

கொரோனாவுக்குப் பிறகு தீவில் ஆள் வரத்து குறைந்தபோது, ஒத்தக்கடையிலிருந்து ஞாயிறுதோறும் வேன் விடுவோம் என்றவன் நீதான். கோயிலுக்குப் போகிறவர்கள் தீர்த்தமாடிவிட்டு உடனே திரும்பிவிடுகிறார்கள், கடலைப் பார்க்க, அங்கே உட்கார்ந்து சாப்பிட ஆள் கூட்டிப் போகணும் என்றாய். மதுரையில் மீனே கிடைக்காதா என்று நான் நக்கலடித்தேன். நீ மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போய் வாழையிலைக் கட்டோடு வந்தாய். உப்புக்காற்றில் அங்கே நல்ல இலை கிடைக்காது, எத்தனை பேரோ அத்தனை இலை நாமே கொண்டுபோகணும் என்பது உன் சட்டம்.

ஒரு வாரம் சீட்டு குறைச்சல் என்று நான் டிரிப்பைக் கேன்சல் செய்தேன். வேனில் இடம் சொல்லி வைத்திருந்த சீட்டுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டேன், செலினை மறந்துபோனேன். பன்னிரண்டு பேருக்கு ஆக்கி வைத்துவிட்டுப் பொழுது சாயும் வரை ரோட்டையே பார்த்திருக்கிறாள். மறுவாரம் பாலத்தில் வண்டி ஏறும்போது நீ கேட்டாய்: "சீட்டுக்காரனுக்குச் சொன்ன. அடுப்பு பத்த வச்சவளுக்குச் சொன்னியாடா?"

இப்போதும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இருப்புக் கொள்ளவில்லை. திருப்பரங்குன்றத்தில் ஒருத்தர் வேனை விலைக்குக் கேட்கிறார். சாவியை எடுக்கிறேன், திரும்ப ஆணியில் மாட்டுகிறேன். உன்மேல் கோபம் கோபமாக வருகிறது.

போனை உன் வீட்டுக்காரி தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு ஒரேயடியாகக் கையைக் கழுவிவிடலாம் என்று மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன். அங்கே வைத்தும் அடித்தது. வேண்டாம் என்று நான் கையை ஆட்டுவதற்குள் தங்கச்சி எடுத்துவிட்டது. எத்தனை இலை என்று செலின் கேட்டது என் காதிலும் விழுந்தது. தங்கச்சி என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னது:

"ரெண்டு இலைம்மா. நான் அவுக வீட்டுக்காரி. நேர்ல வந்து பேசுறேன்."

போனை வைத்துவிட்டு, அத்தனை ஞாயிறு போனாகளே, என்னை ஒரு தடவை கூட்டிப் போகலையேண்ணே என்று அழுதது. இந்த ஆறு வாரத்தில் நானும் அப்போதுதான் அழுதேன்.

வேனை விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு வண்டி போகுது என்று நம் பழைய சீட்டுக்காரர்களுக்கு மெசேஜ் போட்டேன். சாயங்காலத்துக்குள் நாலு பேர் வாரேன் என்றார்கள். அவர்கள் ஏறும் இடத்தைக்கூட இன்னும் கேட்கவில்லை. முதலில் என் போனை எடுத்துச் செலினைக் கூப்பிட்டு, ஆறு இலை என்றேன். இனி எது மாறினாலும் அவளுக்குத்தான் முதலில் சொல்வேன் மாப்ள.