மிதப்புக்கு அடித்த செம்மஞ்சள்

விரல் நகத்தில் செம்மஞ்சள் பெயின்ற் ஒட்டியிருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அந்த மணத்தோடுதான் பேனையைப் பிடித்திருக்கிறேன். ஓம் மச்சான், நானேதான் எழுதுகிறேன். மெல்லத்தான் வருகிறது, ஆனால் வருகிறது! முதல் மடலே உன்னைத் திட்டி எழுதுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

சல்லிக் கரையில் வலை மிதப்புகளுக்கு ஆளுக்கொரு நிறம். நம்முடையது செம்மஞ்சள். மீன்பெட்டி செய்கிற வெள்ளை நுரைப்பலகையான ரெஜிபோமில் வெட்டிய மிதப்புகள் அவை. ஸ்பிரே வாங்க ரவுணுக்குப் போனால், நீ ஒவ்வொரு தகரப் பேணியையும் திருப்பித் திருப்பி வாசிப்பாய். நங்கூரத்துக்கு ஒன்று, என்ஜின் மூடிக்கு இன்னொன்று என்று எடுப்பாய்.

"இரும்புக்கு அடிக்கிறது பிளாஸ்ரிக்கில நிக்காது. உரிஞ்சு போகும்."

"அதில அப்பிடியே எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"உனக்கேன் மச்சான் அந்தக் கதை? நீ பேணியைக் குலுக்கு. வாசிக்க நான் இருக்கிறன் தானே."

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். இருக்கிறேன் என்று சொன்னவன் இருந்தாயா?

நீ கண்மூடிப் போன பிறகு மிதப்புகள் வெயிலில் வெளுத்துவிட்டன. தனியாகக் கடைக்குப் போய், படகுப் படம் போட்ட பேணியை எடுத்தேன். படகும் கடலில், மிதப்பும் கடலில், பிறகென்ன என்று நினைத்தேன். அடித்ததும் தேநீரில் விழுந்த சீனிபோல ரெஜிபோம் கரைந்து குழி விழுந்தது. காய்ந்ததும் சரியாகிவிட்டதென்று வலையில் கட்டிக் கடலில் போட்டேன். கயிறு கட்டிய இடமெல்லாம் உடைந்து மிதப்புகள் கழன்று போக, வலை அடியில் போய்விட்டது. என்னிடம் இருந்த நல்ல வலை அதுதான்.

"என்ன அண்ணை, மிதப்பை நண்டு திண்டிட்டுதோ?" என்று கரையில் கேலி செய்தார்கள்.

உன் மனைவிதான் சொன்னாள்: "அவர் முதல்ல சுவருக்குப் பூசுற தண்ணிப் பெயின்றைப் பூசிக் காயவிட்டுத்தானே ஸ்பிரே அடிக்கிறவர். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. வீட்டில் பூசிக் காயவைத்துக் கொண்டுவந்து தருவாய். மேலே அடிப்பது மட்டும் என் வேலை. அது அன்பாம்! அந்த அன்பில் என் வலை போயிற்று.

அந்தக் கோபத்தில்தான் பாலையூற்று வாசிகசாலையில் எழுத்துப் படிக்கப் போய் உட்கார்ந்தேன். படிப்பிக்கிற பிள்ளை, "அப்பு, புள்ளி எங்க?" என்று என்னைக் குட்டாத குறை. இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறேன். பஸ்ஸில் போகும்போது சீனன்குடா விமானப்படை முகாமின் வேலிப் பலகையையும் வாசித்தேன். உள்ளே வரக்கூடாதாம். இவ்வளவு காலமும் வாசிக்காமலே கீழ்ப்படிந்திருக்கிறேன்!

இன்று கடையில் அதே படகுப் பேணியைத் திருப்பி, எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தேன். "நுரைப் பொருட்களில் பாவிக்க வேண்டாம்." அத்தனை காலமும் என் கையில் குலுங்கிய பேணிகளிலும் இது இருந்திருக்கும். ஒருநாள், ஒரேயொரு நாள், என் விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்திருக்கக் கூடாதா?

தண்ணிப் பெயின்ற் பூசி, காயவிட்டு, பிறகு செம்மஞ்சள் அடித்தேன். ஒரு குழிகூட விழவில்லை. கடனுக்கு வாங்கிய புது வலையில் கட்டியாயிற்று.

ஆனாலும் கடையில் பேணியை எடுத்ததும் என் கை தானாக வலப்பக்கம் நீள்கிறது, நீ நிற்கிற பக்கம். கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றுவிடுகிறேன். யாரும் அதை வாங்கி வாசிப்பதில்லை. அதற்கும் உன்மேல்தான் கோபம் வருகிறது.