அப்பா வாங்காத பார்சல்

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்களா, குழந்தைக்குச் சளி விட்டதா. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்க தோஷம், ஆனால் இந்தத் தடவை அப்படி எழுதினால் முழுப்பொய்யாகிவிடும். தபாலே நகராத நேரத்தில் கடிதம் எப்படி வந்தது என்று நினைப்பாய். மாடி வீட்டு நர்ஸ் உங்கள் பக்கம் பயிற்சிக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் போன் வந்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாரே, நான் எதைச் சொல்ல.

தபால் பிரிக்கும் கிடங்கில் வேலைநிறுத்தம் தொடங்கி வாரக்கணக்காகிறது. ஆளைப் பாதியாகக் குறைத்துவிட்டு வேலையை மட்டும் அப்படியே தலையில் கட்டினால் யார்தான் பொறுப்பார்கள், அவர்கள் கேட்பது நியாயம்தான். உன் அப்பா ஓய்வு பெற்றாரே தவிர அவர் மனசு இன்னும் அங்கேதான் தபால் பிரித்துக்கொண்டிருக்கிறது. காலையில் பிளாஸ்கை நிரப்பிக்கொண்டு கிடங்கு வாசலுக்குப் போய்ப் பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்துவிடுவார், இவர் போகாவிட்டால் போராட்டமே படுத்துவிடும் என்கிற மாதிரி ஒரு மிடுக்கு. நானும் கேலி செய்துகொண்டே டீ போட்டுக் கொடுத்தேன். என் வலிப்பு மாத்திரையும் அதே தபாலில்தான் மருத்துவத் திட்டத்திலிருந்து இலவசமாக வருகிறது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை, டப்பாவில் அப்போது மாத்திரை இருந்தது.

நடுவில் நிர்வாகம் வெளியாட்களை வைத்து முக்கியமான பார்சல்களை மட்டும் அனுப்ப ஆரம்பித்தது. ஒரு நாள் வாடகை வேன்காரர் ஒருவர் நம் வாசலில் வந்து நின்றார், மரியாதையான மனுஷர்தான். ஐயா பார்சல் வந்திருக்கு, ஒரு கையெழுத்து போடுங்க என்றார். யாரிடமிருந்து என்று சொல்லக்கூட அப்பா விடவில்லை. அங்க ஆளுங்க வெயில்ல உக்காந்திருக்காங்க, அவங்க வேலைய நீங்க செஞ்சு கொண்டாந்தா நான் வாங்கிக்கணுமா, எனக்கு வேணாம், எடுத்துட்டுப் போங்க என்று கதவைச் சாத்திவிட்டார். வேன்காரர் பாவம் மறுநாளும் வந்தார், மறுநாளும் அதே பாட்டுத்தான். நான் உள்ளே பாத்திரம் தேய்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நீ அனுப்புவதாகச் சொன்ன போர்வையாக இருக்கும், மெதுவாக வரட்டும் என்று நினைத்தேன். மனுஷர் இன்னும் வளையவில்லை என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

டப்பா காலியாக ஆரம்பித்ததும் திட்டத்து ஆபீசுக்குப் போன் செய்தேன். அனுப்பியாச்சும்மா, தபால்ல கேளுங்க என்று வைத்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரரிடம் அந்த மாத்திரை இல்லை. அப்பாவிடம் சொன்னால் பதறுவாரே என்று காய் நறுக்கும் கத்தியால் மாத்திரையைப் பாதியாக வெட்டிச் சாப்பிட்டேன். திட்டாதே, திட்டெல்லாம் டாக்டரிடம் வாங்கியாகிவிட்டது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்துவிட்டது. கண் விழித்தால் அப்பா மடியில் தலை, ஈரத்துணியெல்லாம் மண்ணில், நாக்கில் ரத்தம். அவர் அழுது நான் பார்த்ததில்லை சின்னு, அன்றைக்குப் பார்த்தேன், எனக்குப் பயமாகிவிட்டது.

என்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நேராகக் கிடங்குக்குப் போயிருக்கிறார். இவருக்காகப் போராட்டக்காரர்களே உள்ளே போய் மூட்டை மூட்டையாகப் புரட்டித் தேடியிருக்கிறார்கள். அப்பாவோடு வேலை பார்த்த கண்ணாடி மாமாதான் எனக்குப் போன் செய்து சொன்னார். அண்ணி, பதிவேட்டுல பாத்துட்டோம், உங்க மருந்து எப்பவோ வீடு வரைக்கும் வந்திருக்கு, வாங்க மாட்டேன்னு சொன்னதால அனுப்பின இடத்துக்கே திரும்பிப் போயிருச்சு என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். திரும்பிய பார்சலைச் சரிபார்த்த பிறகுதான் அடுத்ததை அனுப்புவார்களாம், எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் கொடுத்த மாற்று மாத்திரை எந்நேரமும் தூக்கம் வரவைக்கிறது, அதைச் சாப்பிட்டும் வலிப்பு வராது என்று உறுதியில்லையாம். அடுப்புப் பக்கம் போக விடாமல் அப்பாவே சமைக்கிறார், சோறு ஒரு நாள் கஞ்சி, ஒரு நாள் கரி. நான் உள்ளே தாழ் போட்டுக்கொள்வேனோ என்று குளியலறைத் தாழ்ப்பாளையே கழற்றிவிட்டார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

மருந்துச் சீட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கி, நர்ஸ் திரும்பும்போது அவள் கையிலேயே கொடுத்துவிடு, மறந்துவிடாதே. நீ லீவு போட்டு ஓடி வர வேண்டாம், குழந்தையை வைத்துக்கொண்டு அலையாதே, சளிக்கு வெந்நீரே கொடு. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. எனக்கு விஷயம் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. வேலையில் இருந்த காலமெல்லாம் தபால் தாமதமாகும், ஆனால் தொலையாது என்று ஊரோடு சண்டை போட்ட மனுஷர், அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், உன் மருந்து தபால்ல தொலஞ்சுபோச்சு என்றார். ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடமும் அதையே சொல்வார். அப்படியாப்பா என்று மட்டும் கேட்டுக்கொள்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா